மாதிரி வீட்டின் சாவி

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதல் என்னிடம் ஒரு புது வீட்டின் சாவி இருக்கிறது. வீடுதான் என்னுடையது இல்லை.

கிட்டங்கிக் காலனியின் பழைய லைன் வீடுகளை நகராட்சி இடித்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதே இடத்தில் கீழ்த்தளமும் இரண்டு மாடியுமாக நாற்பத்தெட்டு வீடுகள் கட்டி முடித்துவிட்டார்கள். நாங்கள் எதிரே சந்தை மைதானத்தில், தகரக் கொட்டகையில் இருக்கிறோம். அமைச்சர் தேதி கொடுத்ததும் திறப்பு விழா, பிறகு குடியேற்றம் என்கிறார்கள். பழைய கதவு எண்தான் புது வீட்டுக்கும் என்று இடிப்பதற்கு முன்பே மைக்கில் சொன்னார்கள். எங்களுடையது 38. இரண்டாம் மாடி.

அதுவரை வெளியூர்க்காரர்கள் வந்து பார்ப்பதற்காகக் கீழே 9-ஆம் எண்ணை மாதிரி வீடாக ஜோடித்திருக்கிறார்கள். அதைப் பெருக்கித் துடைத்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது என் வேலை. உதவிப் பொறியாளர் ஜெயசிங் சார்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார். பத்தாவது படித்திருக்கிறேன், திருத்தமாகப் பேசுகிறேன் என்றார். நீலக் கரை போட்ட சேலை இரண்டு கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் கட்டில் இருக்கிறது. மெத்தையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. மேஜை மேல் மெழுகில் செய்த ஆப்பிள். டி.வி. அட்டை. அடுப்பு நிஜம், சிலிண்டர் காலி. ஃபேன் மட்டும் முழுசாக நிஜம்.

"அடுப்பு பத்த வைக்கக் கூடாது. கட்டில்ல உட்காரக் கூடாது. குழாயைத் திறக்காதீங்க, இணைப்பு இன்னும் குடுக்கல" என்றார் ஜெயசிங் சார். "யாராவது கேட்டா இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி வரும்னு சொல்லுங்க."

"வருமா சார்?"

"வரும்னு சொல்லுங்கம்மா."

மார்ச் 7, வெள்ளி

முதல் ஆளாக வந்தது தங்கப்பழம் அண்ணாச்சி. மைதான மூலையில் டீக்கடை வைத்திருக்கிறார். பழைய 9-ஆம் எண் அவருடையது. ஆகவே மாதிரி வீடும் அவருடையதுதான்.

"ஏளா செண்பகம், என் வீட்டை எனக்குச் சுத்திக் காட்டுவியா?"

"காட்டுதேன் அண்ணாச்சி. செருப்பைக் கழத்திட்டு வாங்க."

ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். ஆப்பிளை எடுத்து முகர்ந்தார். டி.வி.யைத் தட்டினார், சத்தம் வரவில்லை. "கதவாவது மரமா?" என்று அதையும் தட்டிப் பார்த்தார். போகும்போது வாசலில் நின்று, "வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கலயே. நல்ல வீடுதான்" என்றார்.

மார்ச் 19, புதன்

வெயில் ஏறிவிட்டது. கொட்டகைத் தகரத்தில் பதினொரு மணிக்குக் கை வைக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் சுடலைமுத்து நகராட்சிக் குப்பை லாரி ஓட்டுகிறார். விடியுமுன் போய்ப் பதினொரு மணிக்குத் திரும்புவார். அப்புறம் தூங்கினால்தான் மறுநாள் ஸ்டியரிங் பிடிக்க முடியும். கொட்டகைக்கு வந்ததிலிருந்து வீசிங். தகரத்துக்குக் கீழே படுத்தால் மூச்சு விசில் அடிக்கிறது.

மாதிரி வீட்டு ஃபேனை நடு வேகத்தில் வைத்தால் லேசாக ஆடுகிறது. வந்தவர்கள் முன்னால் கழன்று விழுந்தால் யார் பதில் சொல்வது? யாராவது அடியில் படுத்துக் கொஞ்ச நேரம் கவனித்தால்தான் தெரியும். அவர் படுத்துக் கவனித்தார். கட்டிலில் இல்லை, தரையில்தான். மூன்று மணி வரை கவனித்தார்.

மார்ச் 20, வியாழன்

ஃபேனை இன்றும் கவனித்தோம்.

ஏப்ரல் 2, புதன்

பக்கத்துக் கொட்டகைப் பேச்சித்தாய்க்கு இது ஏழாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. மாதிரி வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்க உள்ளே ஆள் வேண்டியிருந்தது. இரண்டு வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனாள். தாழ்ப்பாள் நன்றாக விழுகிறது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. திறப்பு விழா இந்த மாதம் இல்லையாம். மே கடைசியில் என்று ஆபீஸில் பேச்சு.

தங்கப்பழம் அண்ணாச்சி டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அமைச்சர் வந்து கத்திரிக்கோலால நாடா வெட்டணுமாம்லா. எங்க காலனியில நாலு டெய்லர் இருக்கான். ஒருத்தன் வெட்ட மாட்டானா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று எனக்கு ரேஷன் கடையில் வரிசை. சாவியைப் பேச்சியிடம் கொடுத்து, வீட்டைத் திறந்து ஜன்னலைத் திறந்து வை என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி ஓடி வருகிறாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"அக்கா, எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டான். கட்டிலு, டி.வி., ஆப்பிளு, ஒண்ணுமே இல்ல. சுத்தமாத் தொடச்சு எடுத்திருக்கான்."

"ஏட்டி, நீ எங்கேயிருந்து வாற?"

"வீட்டுலேருந்துதான்."

"படியேறி எந்த வீட்டுக்குப் போனே?"

ஏதோ யோசனையில் ஒரு மாடி ஏறிவிட்டாள். 9-க்கு நேர் மேலே 25. அதே இடம், அதே கதவு. சாவியைப் போட்டிருக்கிறாள், திறந்திருக்கிறது.

நான் போய்ப் பூட்டினேன். பூட்டியது. திறந்தேன். திறந்தது. பூட்டெல்லாம் ஒரே கம்பெனியில் மொத்தமாக எடுத்தது என்று ஜெயசிங் சார் விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார். மொத்தமாக எடுத்த காண்டிராக்டர் எல்லாவற்றுக்கும் ஒரே சாவியாக எடுத்துவிட்டார் போலிருக்கிறது.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றேன்.

"சொல்லல. ஆனா அக்கா, திருட்டுப் போன மாதிரியும் இருந்தது, நல்லாவும் இருந்தது. காத்து வருது அங்கன."

ஏப்ரல் 23, புதன்

பொறுப்பான வேலை என்பதால் மற்றப் பூட்டுகள் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்து வந்தேன். பிடிக்கவில்லை.

38-இல் மட்டும் சற்று நேரம் ஆகிவிட்டது. சமையலறை ஜன்னலிலிருந்து மைதானம் முழுக்கத் தெரிகிறது. எங்கள் கொட்டகை எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தகரம்.

தரை தூசியாக இருந்தது. பெருக்கினேன். துடைத்தேன். அதற்கெல்லாம் எனக்குச் சம்பளம் இல்லைதான்.

மே 5, திங்கள்

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது. இன்று வேறொரு ஊர் நகராட்சியிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்கள் ஊரிலும் இதே போல் கட்டப் போகிறார்களாம். குழுவில் ஒரு பெண் கவுன்சிலர், அலமேலுமங்கை என்று பெயர். மற்றவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். காற்றுக்கூட வரவில்லை.

"தண்ணி?" என்று என்னைக் கேட்டார்.

ஜெயசிங் சார் என்னைப் பார்த்தார். நான் அவர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே பேச்சி தெருக்குழாயில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நாங்க குடிவந்த பிறகு இருபத்துநாலு மணி நேரமும் வரும்மா" என்றேன். "எப்ப குடிவருவோம்னு சார்தான் சொல்லணும்."

"இன்னும் குடி வரலையா? அப்ப எதிர்க்க இருக்கிற கொட்டகையில யாரு?"

"நாங்கதான்."

அந்த அம்மா ஜெயசிங் சாரிடம், எங்கள் ஊர்த் தலைவரையும் பத்திரிகைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு ஜூன் 9-ஆம் தேதி மறுபடி வருகிறோம், அப்போது குடும்பங்களைப் பார்க்க வேண்டும் என்றார். சார் தலையாட்டினார்.

அவர்கள் போன பிறகு எனக்குத் திட்டு கிடைத்தது.

"உங்களை நம்பித்தானே வச்சேன். சொல்லிக் குடுத்ததைச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே சார். தண்ணி வரும்னுதானே சொன்னேன்."

"அதுக்கு மேல எதுக்கு?"

"அவங்க அதுக்கு மேல கேட்டாங்க."

மே 20, செவ்வாய்

கொட்டகைக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை சந்தை மைதானத்தைக் காலி செய்ய வேண்டும். நகராட்சி லாரியிலேயே எல்லாரையும் கல்லுக்குழிக்கு ஏற்றிப் போவார்கள். திறப்பு விழா ஆவணியில். அதுவரை அங்கே இருக்க வேண்டும்.

கல்லுக்குழி ஊருக்கு வெளியே, பழைய கல் குவாரிக்குப் பக்கம். எட்டு வருஷத்துக்கு முன் மீன் மார்க்கெட்டை இடித்தபோது அங்கே குடியிருந்தவர்களை ஆறு மாதம் என்று சொல்லிக் கல்லுக்குழியில் கொண்டுபோய் விட்டார்கள். மீன் மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது வணிக வளாகம் இருக்கிறது. அவர்கள் கல்லுக்குழியிலேயே இருக்கிறார்கள்.

சாயங்காலம் ஜெயசிங் சார் வந்தார். கொட்டகைக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

"ரெண்டே மாசம்தான். ஜூன் 9 விருந்தாளிங்க வராங்க. கார் நிறுத்த இடம் வேணும். இந்தத் தகரம் எல்லாம் அவங்க கண்ணுல படக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க."

"அவங்க எங்களைத்தானே பாக்க வாறாவ?" என்றேன்.

"திட்டத்தைப் பார்க்க வராங்கம்மா."

தங்கப்பழம் அண்ணாச்சி கேட்டார்: "சார், நாங்க அங்க போனதுக்குப் பொறவு இந்த வீட்டை வேற யாருக்காவது மாத்தி எழுதிட்டா?"

"அப்படியெல்லாம் நடக்காது."

"மீன் மார்க்கெட்டுக்காரங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாவ."

"அது என் காலத்துல இல்ல அண்ணாச்சி."

"ஆமா. நீங்க மாத்தலாகிப் போனா இதுவும் உங்க காலத்துல இருக்காது."

ஜெயசிங் சார் கெட்டவர் இல்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ண மூன்று தடவை உதைத்தார்.

மே 26, திங்கள்

என் வீட்டுக்காரருக்கு இன்று கல்லுக்குழிப் பக்கம் ட்ரிப். மீன் மார்க்கெட்டில் கருவாடு விற்ற சேசம்மாளைப் பார்த்திருக்கிறார். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து வர வேண்டும். பேச்சிக்கு அடுத்த மாதக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்களும் இங்கன வரப் போறியளாம்ல" என்று சேசம்மாள் கேட்டாளாம். இவர் ஆமாம் என்றதும், "வாரதா இருந்தா அந்த வீட்டுச் சாவியைக் கையில வாங்கிட்டு வாங்க. அவங்க பேச்சை வாங்கிட்டு வராதிய" என்றாளாம்.

இதைச் சொல்லிவிட்டு அவர் என் இடுப்பைப் பார்த்தார். சாவி அங்கேதான் இருந்தது.

"என்ன பாக்கிய?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

பேச்சி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்று தெரிந்தது.

மே 29, வியாழன்

கொட்டகைப் பெண்கள் எல்லாரும் இன்று தண்ணீர்க் குழாயடியில் கூடிப் பேசினோம். என்ன பேசினோம் என்று எழுதுவதற்கில்லை. வைகாசியில் நல்ல நாள் எது என்று ஒரு பேச்சு வந்தது. ஆனியிலும் ஆடியிலும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். வைகாசியை விட்டால் ஆவணிதான். காலண்டரில் வளர்பிறை முகூர்த்தம் ஜூன் 8 ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது.

"நல்ல நாளாப் பாத்துத்தான் நகராட்சியே லாரி அனுப்புது" என்றாள் பேச்சி.

ஜூன் 3, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை லாரி ஓட்ட யார் யாருக்கு டியூட்டி என்று போட்டுவிட்டார்கள். நாலு லாரி. இவர், இவருடைய தம்பி, 14-ஆம் எண் முருகப்பெருமாள், 41-ஆம் எண் அந்தோணி. நகராட்சியின் குப்பை லாரி ஓட்டுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் எங்கள் காலனிதான். டியூட்டி போட்டவருக்கு அது ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை.

லாரியைக் கழுவிச் சுத்தமாகக் கொண்டுவர வேண்டும், வீட்டுச் சாமான் ஏற்றப் போகிறோம் என்று துப்புரவு மேஸ்திரி சொன்னாராம். "நல்லாக் கழுவிருதோம்" என்று இவர்கள் நாலு பேரும் சொன்னார்களாம்.

ஜூன் 6, வெள்ளி

பால் டிப்போவில் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. இவ்வளவு எதற்கு என்று கேட்டார்கள். விசேஷம் என்றேன். யார் வீட்டில் என்று கேட்டார்கள். எல்லார் வீட்டிலும் என்றேன்.

ஜூன் 7, சனி

மாதிரி வீட்டைப் பெருக்கினேன். மெழுகு ஆப்பிளைத் துடைத்தேன். மாடிப் படிகளையும் கழுவினேன். ஜெயசிங் சார் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "படியெல்லாம் பளிச்சுனு இருக்கே, உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்மா" என்றார்.

இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததும் லாரிகள் மைதானத்துக்கு வந்தன. ரேடியேட்டரில் பூமாலை போட்டிருந்தார்கள். மேஸ்திரி கேட்டதற்கு, நல்ல காரியத்துக்குப் போகும் வண்டி என்று முருகப்பெருமாள் சொல்லியிருக்கிறான். மேஸ்திரி காலி செய்த கொட்டகைகளுக்கு டிக் போட்டுக்கொண்டே வந்தார். கடைசிச் சாமான் ஏறியதும் அவர் டீ குடிக்கப் போனார். அண்ணாச்சி தன் கடைப் பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்து, வடை சூடாகப் போடுகிறேன், இருங்கள் என்றாராம்.

லாரிகள் மைதானத்தை விட்டுக் கிளம்பி, தெருவைத் தாண்டி, எதிரே இருந்த கேட்டுக்குள் நுழைந்தன. அவ்வளவுதான் தூரம். கேட்டைத் தினமும் திறப்பவள் நான். இன்றும் திறந்தேன்.

கீழேயிருந்து தொடங்கிக் கதவு கதவாகப் போனேன். சாவி ஒரு இடத்திலும் சிக்கவில்லை. சிலர் வாசலில் நின்று கும்பிட்டார்கள், சிலர் குடத்தோடு நேராக உள்ளே போய்விட்டார்கள். 17-ஆம் எண் சவரிமுத்து மாதா படத்தை முதலில் வைத்தார். 30-இல் மும்தாஜ் அக்கா வலது காலை எடுத்து வை என்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். ஆளுக்கு ஒரு கதவுப் பூட்டு, சந்தையில் வாங்கியது, கையில் வைத்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்குள் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. கேஸ் உள்ளவர்கள் கேஸில், இல்லாதவர்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில். எங்கே முதலில் பொங்கியது என்று சொல்ல முடியவில்லை. மேல் மாடியில் ஒரு குலவை கேட்டது, உடனே கீழே ஒன்று, பிறகு எல்லாப் பக்கமும். 38-இல் எங்கள் பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது அவர் ஜன்னலருகே நின்றார். மூச்சு விசில் அடிக்கவில்லை. அல்லது குலவைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

பத்து மணிக்கு ஜெயசிங் சார் வந்தார். நான் கீழே இறங்கிப் போனேன். என் பின்னால் படி முழுக்க ஆள்.

"யாரு கதவைத் திறந்தது?"

"நான்தான் சார்."

"ஒரு வீட்டுச் சாவிதானே உங்ககிட்ட இருக்கு?"

"ஒரு சாவிதான் இருக்கு." எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "எந்தக் கதவுல வேணும்னாலும் போட்டுப் பாருங்க."

15-ஆம் எண் கதவில் போட்டார். திரும்பியது. எதிர்க் கதவில் போட்டார். திரும்பியது. அதற்குமேல் போட்டுப் பார்க்கவில்லை.

"இது சட்டப்படி தப்புன்னு தெரியுமா? போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க சார். நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வரும்போது அவங்களும் நிக்கட்டும். பொம்பளைங்களைப் புது வீட்டுலேருந்து எப்படி இறக்குறாங்கன்னு அந்த ஊர்க்காரங்களும் பார்த்துக்கிடட்டும்."

"எனக்கு வேலை போயிரும் செண்பகம்மா."

"எங்களுக்கு வீடு போயிரும் சார்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போது பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்தாள், கையில் டம்ளர்.

"பால் காய்ச்சின வீட்டுக்கு வந்துட்டுக் குடிக்காமப் போகக் கூடாது சார்."

வேண்டாம் என்றார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. வாங்கிக் குடித்தார். இன்னொரு வீட்டு டம்ளர் வந்தது. அதற்குள் வடை தின்று முடித்த மேஸ்திரியும் வந்து நின்றார். அவர் கையிலும் ஒரு டம்ளர் கொடுத்தோம்.

போகும்போது ஜெயசிங் சார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் அது எந்தக் கதவுக்கும் சேராமல் ஆகிக்கொண்டிருந்தது. மாடியில் ஸ்க்ரூ முடுக்கும் சத்தம் கேட்டது.

ஜூன் 9, திங்கள்

போலீஸ் வரவில்லை. விருந்தாளிகள் வந்தார்கள். வராதீர்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. என்ன காரணம் என்று சொல்வார்கள்?

நீலக் கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு கேட்டில் நின்றேன். ஜெயசிங் சார் என்னைப் பார்த்தார், போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் முன்னால் நடந்தேன்.

9-ஆம் எண்ணில் தங்கப்பழம் அண்ணாச்சி அட்டை டி.வி.யை வெளியே வைத்துவிட்டுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "வாங்க, வாங்க. செருப்போடயே வாங்க" என்றார். அலமேலுமங்கை அம்மா நேராகச் சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்தார். முதலில் காற்று, பிறகு செம்மண் நிறத்தில் ஒரு கக்கல், பிறகு தண்ணீர்.

ஜெயசிங் சார் அதைப் பார்த்து அதிர்ந்து போனார். நகராட்சியில் வால்வு திருப்பும் செல்லையா 20-ஆம் எண்ணில் இருக்கிறார். அவர் காலையிலேயே ஸ்பானருடன் கிளம்பிப் போனதை நான் பார்த்தேன். எங்கே என்று கேட்கவில்லை.

பத்திரிகைக்காரர் ஒருவர் நோட்டைத் திறந்துகொண்டு கேட்டார்: "எல்லாரையும் எப்ப குடியமர்த்தினீங்க சார்?"

வராந்தா முழுக்க எங்கள் ஆட்கள். ஜெயசிங் சார் எங்களைப் பார்த்தார், அந்த ஊர்த் தலைவரைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தார்.

"வைகாசியில்" என்றார். "பழைய கதவு எண் வரிசைப்படி."

பத்திரிகைக்காரர் அதை எழுதிக்கொண்டார். அலமேலுமங்கை அம்மா குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

இனி ஆபீஸிலிருந்து காகிதம் வரலாம். ஆட்களும் வரலாம். வரட்டும். கதவைத் தட்டித்தான் வர வேண்டும்.

பதினொரு மணிக்கு என் வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்தார். 38-இல் மின்சாரம் இன்னும் வரவில்லை, ஃபேனும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தார். நாலு மணி வரை தூங்கினார். எதைக் கவனித்தார் என்று இனி நான் எழுத வேண்டியதில்லை.